சிவப்புல பாசிட்டிவ்னு பாத்ததும் அழாதீங்க: கர்ப்பத்துல வைரஸ் கருவை எப்படி பாதிக்குது, நாம என்ன செய்யணும்

ராத்திரி 11 மணி இருக்கும், சித்தி பொண்ணு போன் பண்றா. "அக்கா, எனக்கு ரூபெல்லா பாசிட்டிவாம்க்கா, குழந்தைக்கு கண்ணு தெரியாம போயிடுமாம், நெட்ல போட்டிருக்கு"ன்னு ஒரே அழுகை. ரெண்டாவது குழந்தை, 9 வாரம். அழறதை நிறுத்துடி, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புன்னேன். வந்துச்சு. ரூபெல்லா ஐஜிஜி (பழைய எதிர்ப்பு இருக்கான்னு காட்டறது) 68, பக்கத்துல சிவப்பு எழுத்துல பாசிட்டிவ், ஒரு ஸ்டார் வேற. அதுக்குக் கீழ ஐஜிஎம் (புதுத் தொற்றைக் காட்டறது) நெகட்டிவ், கருப்பு எழுத்துல சத்தமில்லாம கிடக்கு. அடியே, இது நல்ல செய்திடி, எப்பவோ போட்ட ஊசியை உன் உடம்பு இன்னும் மறக்கலன்னு அர்த்தம், போய்த் தூங்குன்னு சொல்லிட்டு போனை வைக்கப் போறேன், அப்பதான் அதே பக்கத்துல இன்னொரு வரி கண்ணுல பட்டுச்சு. அதுவும் கருப்பு எழுத்துதான், ஸ்டாரெல்லாம் கிடையாது, ஆனா எனக்குத் தூக்கம் போனது அந்த வரியாலதான். அது என்னன்னு பின்னாடி சொல்றேன், ஏன்னா அது புரியணும்னா இந்த வைரசெல்லாம் வயித்துக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு முதல்ல தெரியணும்.

நான் லேப்ல வேலை பாக்குறவ, டாக்டர் இல்ல. 15 வருஷமா ரத்தத்தை மெஷின்ல வச்சு நம்பர் எடுத்துக் குடுக்குற வேலை. அந்த நம்பரைப் பாத்து பயப்பட வேண்டியதுக்கு பயப்படாம, பயப்பட வேண்டாததுக்கு நடுங்கிட்டு வர்றவங்களைப் பாத்துப் பாத்துத்தான் இதை எழுத உக்காந்தேன். மருந்து, ஊசி, ஸ்கேன் முடிவெல்லாம் உங்க டாக்டர் எடுக்கணும், அதுல நான் தலையிடல.

முதல்ல தேதி

எந்த வைரஸ்ங்கறதை விட எந்த வாரம்ங்கறதுதான் பாதி விஷயம். அதனால கடைசியா பீரியட்ஸ் வந்த முதல் நாள் எதுன்னு ஒரு இடத்துல எழுதி வைங்க, மாசமா இருந்தாலும் சரி, இருக்கப் போறீங்கன்னாலும் சரி. டாக்டர் சொல்ற வாரக் கணக்கு அந்த நாள்லேருந்துதான் ஓடுது, கரு உண்டான நாள்லேருந்து இல்ல, ரெண்டுக்கும் ஏறக்குறைய 2 வாரம் வித்தியாசம். அதாவது 8 வாரம்னு சொன்னா உள்ள இருக்கற கருவுக்கு நிஜ வயசு 6 வாரம். நெட்ல படிக்கும்போது சில இடத்துல இந்தக் கணக்கு, சில இடத்துல அந்தக் கணக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு வர்றவங்கதான் அதிகம். இந்தப் பதிவுல நான் கருவோட வயசுன்னு தனியா சொல்லாத இடத்துல எல்லாம் டாக்டர் கணக்கு வாரம்தான்.

கரு உண்டாகி முதல் 2 வாரத்துல ஏதாவது பெரிய அடி விழுந்தா பெரும்பாலும் கரு நிக்காது, இல்லன்னா சமாளிச்சு முழுசா வளர்ந்திடும், நடுவுல அரைகுறையா ஆகறது அபூர்வம். அதுக்கப்புறம் கருவோட வயசு 3-வது வாரத்துலேருந்து 8-வது வாரம் வரைக்கும்தான் உறுப்பெல்லாம் உருவாகற நேரம். 22-வது நாள் வாக்குல இதயம் துடிக்க ஆரம்பிக்குது, 28-வது நாளுக்குள்ள மூளையும் தண்டுவடமும் ஆகப் போற அந்தக் குழாய் மூடிக்கணும். இப்ப யோசிச்சுப் பாருங்க, நாள் தள்ளிப் போய் ஒரு வாரம் பாத்துட்டு அப்புறம் கிட் வாங்கி டெஸ்ட் பண்ணி ரெண்டு கோடு வரும்போது கருவுக்கு ஏற்கனவே 3 வாரம் ஆயிருக்கும், இதயம் துடிக்க இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோதான். "கன்பார்ம் ஆனதும் ஜாக்கிரதையா இருந்துக்கறேன்"னு சொல்றவங்க கிட்ட நான் இதைத்தான் சொல்றது.

தையல் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். துணி வெட்டும்போது கத்திரி வழுக்கினா கை ஒரு பக்கம் குட்டையா போயிடும், தைச்சு முடிச்ச சட்டையில கறை பட்டா அது வேற விஷயம். முதல் 12 வாரத்துல வர்ற தொற்று கத்திரி வழுக்கின கதை. 7-வது மாசத்துல வர்றது கறை, அதுவும் சில சமயம் போகாத கறையா இருக்கலாம்தான், ஆனா சட்டையோட அளவு மாறாது. மூளைதான் இதுல ஒரு விதிவிலக்கு, அது பிரசவம் வரைக்கும், அதுக்கப்புறமும் வளர்ந்துக்கிட்டே இருக்கறதால அதுக்கு முழுப் பாதுகாப்பான வாரம்னு ஒண்ணு கிடையாது.

வைரஸ் உள்ள எப்படி போகுது

அம்மாவுக்கு வர்ற எல்லாத் தொற்றும் குழந்தைக்குப் போகாது. பெரும்பாலானது போகாது. காரணம் நஞ்சுக்கொடி. அம்மாவோட ரத்தம் படற அந்த மேல் அடுக்கு இருக்கே, அது செல் செல்லா அடுக்கின மாதிரி இல்ல, லட்சக்கணக்கான செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு உருகிச் சேர்ந்து ஒரே பெரிய செல்லா ஆனது, நடுவுல தையலே கிடையாது. நிறைய கிருமிங்க ரெண்டு செல்லுக்கு நடுவுல இருக்கற இணைப்பு வழியாத்தான் நுழையும், இங்க இணைப்பே இல்லையே. போதாக்குறைக்கு அந்த அடுக்கு இன்டர்ஃபெரான்னு வைரசை மட்டுப்படுத்தற ஒரு பொருளை வேற சுரந்துக்கிட்டே இருக்கு. சாதாரண சளி வைரசெல்லாம் வெளியவே நின்னு போறது இதனாலதான்.

ஆனா நஞ்சுக்கொடி கருப்பைச் சுவர்ல வேர் விட்டுப் பிடிச்சுக்கற இடம் ஒண்ணு இருக்கு. அங்க தனித்தனி செல்லுங்க அம்மாவோட சதைக்குள்ளயே இறங்கிப் போகுது, அந்த இடம்தான் பலவீனம், சைட்டோமெகலோ வைரஸ் மெதுவா ஊர்ந்து வர்ற பாதை அது. கொசு மூலமா வர்ற ஜிகா வைரஸ் வேற மாதிரி, நஞ்சுக்கொடிக்கு உள்ளயே காவல் வேலை பாக்கற ஹாஃப்பவர் செல்லுங்களுக்குள்ள புகுந்து அங்கயே பெருகுது. காவல்காரன் வீட்டுலயே குடியேறின கதைதான். ரூபெல்லா ரத்தக்குழாயோட உள்பக்கத் தோலைப் பிடிக்குது, அந்தத் தோல் செல்லுங்க உதிர்ந்து குழந்தையோட ரத்தத்துல மிதந்து போய் எங்க எங்க ஒட்டுதோ அங்கெல்லாம் வைரசை இறக்கிடுது.

உள்ள போன பிறகு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா கெடுக்குது. ரூபெல்லா செல்லைக் கொல்றதை விட அது ரெண்டாப் பிரியறதை மந்தமாக்குது, அதனாலதான் அந்தக் குழந்தைங்க உறுப்புல செல்லோட எண்ணிக்கையே கம்மியா இருக்கும், எடையும் கம்மியா பொறப்பாங்க. ஜிகா மூளையை உண்டாக்கற விதை செல்லுங்களையே குறி வச்சு அழிக்குது. பார்வோ வைரஸ் ரத்தச் சிவப்பணு உண்டாகற இடத்தை அடிக்குது. வைரஸ் பாதிப்புன்னு பொதுவா ஒரே வார்த்தையில சொல்றதால எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுக்கறோம்.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், வைரசே போகாட்டியும் முதல் வாரங்கள்ல அம்மாவுக்கு அடிக்கிற கடுமையான காய்ச்சலோட சூடே தண்டுவடக் குழாய் மூடறதுல குறை வர்ற வாய்ப்பைக் கூட்டுது. அதனால "மாத்திரை போட்டா குழந்தைக்கு ஆகாது"ன்னு காய்ச்சலோட படுத்துக் கிடக்காதீங்க, பாரசிட்டமால் எவ்வளவு போடலாம்னு டாக்டர் கிட்ட அன்னைக்கே கேட்டுப் போட்டுச் சூட்டை இறக்குங்க.

ரூபெல்லா: ஊசி இருக்கு, ஆனா முன்னாடியே போடணும்

1941 வரைக்கும் பெரும்பாலான டாக்டருங்களே நம்பிக்கிட்டு இருந்தது என்னன்னா பிறவிக் குறைன்னா அது பரம்பரைதான், அம்மாவோட காய்ச்சலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு. அந்த வருஷம் ஆஸ்திரேலியாவுல சிட்னியில நார்மன் கிரெக்னு ஒரு கண் டாக்டர், கைக்குழந்தைங்களுக்கெல்லாம் கண்புரை வருதே, இது என்ன இவ்வளவு கூட்டம்னு குழம்பிப் போயிருக்கார். வெயிட்டிங் ரூம்ல ரெண்டு அம்மாக்கள், மாசமா இருக்கும்போது தங்களுக்கு ஜெர்மன் மீசில்ஸ் வந்ததைப் பத்தி பேசிக்கிட்டது அவர் காதுல விழுந்ததுன்னு சொல்வாங்க. அதுக்கு முந்தின வருஷம் அங்க அந்த நோய் பெருசா பரவியிருந்துச்சு. மத்த டாக்டருங்க கிட்டயும் கேட்டு 78 குழந்தைங்க கணக்கைச் சேத்து வெளியிட்டார். அந்த ஜெர்மன் மீசில்ஸ்தான் ரூபெல்லா. எல்லாரும் உடனே நம்பிடல, ஆனா அம்மாவோட தொற்று கருவை உருக்குலைக்கும்ங்கற விஷயம் அங்கேருந்துதான் கிளம்புச்சு. வெயிட்டிங் ரூம்ல அம்மாக்கள் பேசறதைக் காது குடுத்துக் கேட்ட டாக்டர்ங்கறதாலயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1964-65-ல அமெரிக்காவுல ரூபெல்லா பரவினப்ப ஏறத்தாழ 20,000 குழந்தைங்க பாதிப்போட பொறந்தாங்க. 1969-ல அங்க தடுப்பூசி வந்துச்சு. 2015-ல வட, தென் அமெரிக்கா ரெண்டுலயும் உள்ளூர் ரூபெல்லா பரவல் ஒழிஞ்சிடுச்சுன்னு அறிவிச்சாங்க. ஒரே ஒரு ஊசியோட வேலை அது.

இந்த நோயோட மோசமான குணம் என்னன்னா பெரியவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லாத மாதிரி வரும். மூணு நாள் லேசான தடிப்பு, காதுக்குப் பின்னாடி நெறி கட்டும், காய்ச்சல் இருக்கும் இல்லாமலும் போகும், நிறைய பேருக்கு எதுவுமே தெரியாது. ஆனா முதல் 12 வாரத்துக்குள்ள வந்தா குழந்தை பாதிக்கப்பட 100-க்கு 90 வரைக்கும் வாய்ப்பு. கண்புரை, இதயத்துல மூடாத குழாய், காது கேக்காம போறது, இந்த மூணும் சேர்ந்து வர்றதுதான் இதோட அடையாளம். வாரம் ஏற ஏற ஆபத்து குறையும், 12 தாண்டி 16-க்குள்ள வந்தா பெரும்பாலும் காது மட்டும் அடிபடும், 20-க்கு மேல அபூர்வம். கண்ணோட லென்சைச் சுத்தி ஒரு உறை உண்டு, உள்ள மாட்டின வைரஸ் அதுக்குள்ளயே தங்கிடும், குழந்தை பொறந்து வருஷக்கணக்கு ஆன பிறகு கூட ஆபரேஷன்ல எடுத்த லென்ஸ்ல உயிரோட வைரசைப் பாத்திருக்காங்க.

செய்ய வேண்டியது ரொம்ப சுலபம், ஆனா வரிசை தப்பக்கூடாது. குழந்தை வேணும்னு முடிவு பண்ணின உடனே ரூபெல்லா ஐஜிஜி ஒண்ணு எடுத்துப் பாருங்க, பொதுவா 10 யூனிட்டுக்கு மேல இருந்தா எதிர்ப்பு இருக்குன்னு எடுத்துக்கறோம். இல்லன்னா ஊசி போட்டுட்டு ஒரு மாசம் பொறுத்து அப்புறம் முயற்சி பண்ணுங்க. இது உயிருள்ள, பலம் குறைச்ச வைரஸ் ஊசிங்கறதால கர்ப்பத்துல போட மாட்டாங்க. தெரியாம போட்டாச்சு, அப்புறம் பாத்தா மாசமா இருக்கேன்னு வந்து நிக்கறவங்க உண்டு, அவங்களுக்கு: இந்த ஊசியால ரூபெல்லா பாதிப்போட குழந்தை பொறந்ததா கணக்கே இல்ல, அதுக்காகக் கருவைக் கலைக்கற பேச்சே வேண்டாம். ஏற்கனவே மாசமா இருந்து ஐஜிஜி இல்லன்னு வந்தா இப்போதைக்கு தடிப்பு உள்ள ஆளுங்க பக்கம் போகாம இருந்துட்டு, பிரசவம் ஆனதும் ஆஸ்பத்திரியை விட்டு வர்றதுக்குள்ள கேட்டு வாங்கிப் போட்டுக்குங்க, தாய்ப்பால் குடுக்கறவங்களும் போடலாம்.

"எனக்கு சின்ன வயசுல அம்மை போட்டுச்சு, அதனால இனி வராது"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. எந்த அம்மை? நம்ம பேச்சுல தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா எல்லாத்துக்கும் அம்மைன்னு ஒரே பேருதான், உங்க அம்மா கிட்ட கேட்டாலும் "உடம்பெல்லாம் போட்டிருந்துச்சு"ம்பாங்களே தவிர எதுன்னு சொல்லத் தெரியாது. ஒண்ணு வந்தா இன்னொண்ணு வராதுன்னு கிடையாது, எல்லாம் வேற வேற வைரஸ். ரத்த டெஸ்ட்தான் சொல்லும்.

சின்னம்மை, பார்வோ, இன்னும் சிலது

சின்னம்மை, அதான் சிக்கன் பாக்ஸ், பயப்படற அளவுக்கு குழந்தையை உருக்குலைக்கறது இல்ல, முதல் 12 வாரத்துல வந்தா 200-க்கு 1-ஐ விடக் கம்மி, 13-லேருந்து 20 வாரத்துக்குள்ள 100-க்கு 2 வாக்குல. அப்படி வரும்போது ஒரு கையோ காலோ சூம்பி, அது மேலயே தழும்போட பொறக்கும். இந்த வைரஸ் நரம்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கற ஜாதி, எந்த நரம்பைக் கெடுக்குதோ அந்த நரம்பு போற கை கால் வளராம நின்னுடுது. ஆனா அம்மாவுக்கு நிமோனியா வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால அலட்சியம் வேண்டாம். எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணி சின்னம்மைக்காரங்களோட ஒரே ரூம்ல இருந்துட்டா கொப்புளம் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, 10 நாளுக்குள்ள போடற எதிர்ப்புப் புரத ஊசி ஒண்ணு இருக்கு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கொப்புளம் வந்தாச்சுன்னா அன்னைக்கே டாக்டருக்கு போன், அசைக்ளோவிர்ங்கற வைரஸ் மருந்தை சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பிரயோஜனம். கிளினிக்குக்கு நேரா போயிடாதீங்க, அங்க வரிசையில இன்னும் பத்து கர்ப்பிணிங்க இருப்பாங்க. பிரசவத்துக்கு 5 நாள் முன்னாடியிலேருந்து 2 நாள் பின்னாடி வரைக்கும் அம்மாவுக்கு வந்தா அது தனி அவசரம், அம்மாவோட எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர நேரமே இருக்காது.

பார்வோ வைரஸ் பி19, குழந்தைங்களுக்கு கன்னத்துல அறை வாங்கின மாதிரி செவந்து வருமே அது. இது உறுப்பை உருமாத்தறது இல்ல, குழந்தைக்கு ரத்தசோகையை உண்டாக்கி உடம்பெல்லாம் நீர் கோக்க வைக்குது, 20 வாரத்துக்கு முன்னாடி வந்தா ஆபத்து அதிகம். கண்டுபிடிக்கற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு: ரத்தம் நீர்த்துப் போனா வேகமா ஓடும், அதனால டாப்ளர் ஸ்கேன்ல குழந்தையோட மூளை ரத்தக்குழாய்ல ஓட்டத்தோட வேகத்தை அளந்தே ரத்தசோகை இருக்கான்னு சொல்லிடுவாங்க, ஊசி குத்தாமலே. தேவைப்பட்டா தொப்புள்கொடி வழியா வயித்துக்குள்ளயே குழந்தைக்கு ரத்தம் ஏத்தறாங்க.

ஹெர்பிஸ் பெரும்பாலும் பிரசவ வழியில தொத்தறது, அந்த நேரத்துல புண் இருந்தா சிசேரியன் பண்ணுவாங்க. எலி, ஹாம்ஸ்டர் மூலமா வர்ற எல்சிஎம்வின்னு ஒண்ணு இருக்கு, அபூர்வம், ஆனா மூளையில நீர் கோக்க வைக்கும், அதனால மாசமா இருக்கும்போது எலிப் புழுக்கை கூட்டற வேலை வேற யாராவது பாக்கட்டும். ஃப்ளூ, கோவிட் ரெண்டும் அம்மாவை படுத்தும், குறைமாசப் பிரசவம் வரைக்கும் போகலாம், அதுக்கு ஊசி போட்டுக்கணும், ஆனா ரூபெல்லா மாதிரி இதுதான்னு அடையாளமா ஒரு பிறவிக்குறை அதுங்களுக்கு இல்ல.

ஜிகா

1947-ல உகாண்டாவுல ஜிகா காட்டுல ஒரு குரங்கோட ரத்தத்துல கண்டுபிடிச்ச வைரஸ், அதான் பேரு. அறுபது வருஷத்துக்கு மேல யாரும் இதைப் பெருசா எடுத்துக்கல. 2015-ல பிரேசிலோட வடகிழக்குப் பகுதியில தலை சின்னதா குழந்தைங்க வரிசையா பொறக்க ஆரம்பிச்ச பிறகுதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு, 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவிச்சாங்க.

அந்தக் குழந்தைங்களோட போட்டோவுல தலையோட தோல் மடிப்பு மடிப்பா சுருங்கி இருக்கறதைப் பாத்திருப்பீங்க. தலை முதல்லேருந்தே சின்னதா வளர்ந்திருந்தா தோலும் அதுக்கேத்த அளவுலதானே இருக்கும்? இங்க மூளை ஓரளவு சரியா வளர்ந்துக்கிட்டு இருந்து, நடுவுல செல்லுங்க அழிஞ்சு மூளை உள்வாங்கிடுது, மண்டை ஓடு அதோட சேர்ந்து இறங்கிடுது, பெரிய தலைக்குன்னு வளர்ந்த தோல் மட்டும் மிஞ்சி மடிஞ்சு கிடக்கு. ஆரம்பத்துலேருந்து வளராததும் வளர்ந்தது சரிஞ்சதும் வேற வேறன்னு அந்த மடிப்பு சொல்லுது.

கர்ப்பத்துல ஜிகா வந்தவங்க குழந்தைங்கள்ல 100-ல 5-லேருந்து 15 வரைக்கும் ஏதோ ஒரு பாதிப்பு தெரியுது. ஊசி இல்ல, மருந்தும் இல்ல, அம்மாவுக்கு பாதிக்கு மேல அறிகுறியே இருக்காது. கொசு பகல்ல கடிக்கற ஏடிஸ், அதனால ராத்திரி கொசுவலை மட்டும் போதாது, பகல்லயும் முழுக்கை சட்டை, டீட் கலந்த கொசு விரட்டி (கர்ப்பத்துல போடலாம், லேபிள்ல சொன்ன அளவு), வீட்டைச் சுத்தி தேங்கின தண்ணியைக் கொட்டறது. நிறைய பேர் மறக்கறது இது உடலுறவு மூலமாவும் பரவும்ங்கறதை. ஜிகா இருக்கற இடத்துக்குப் போய்ட்டு வந்த கணவர் 3 மாசம், மனைவி மட்டும் போய்ட்டு வந்திருந்தா 2 மாசம், குழந்தைக்கு முயற்சி பண்ணக் கூடாது, ஏற்கனவே மாசமா இருந்தா பிரசவம் வரைக்கும் ஆணுறை.

ரிப்போர்ட் படிக்கறது எப்படி

யாருக்காவது தடிப்பு, உங்களுக்கு சந்தேகம். முதல்ல என்னைக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்துல இருந்தீங்கன்னு எழுதிக்குங்க, அவங்களுக்கு எந்த நோய்ன்னு டாக்டர் சொன்னாரான்னும் கேட்டுக்குங்க. அப்புறம் ரத்தம் குடுங்க. ஆரம்பத்துல கர்ப்பம் உறுதியானப்ப எடுத்த ரத்தம் லேப்ல மிச்சம் இருக்கான்னு கேளுங்க, சில லேப்ல சீரத்தை (ரத்தத்துலேருந்து பிரிச்ச தெளிஞ்ச நீரை) உறைய வச்சு மாசக்கணக்குல வச்சிருப்பாங்க, பழைய ரத்தத்துல இல்லாதது புது ரத்தத்துல இருந்தா நடுவுலதான் வந்திருக்குன்னு கையெழுத்து போட்ட மாதிரி தெரிஞ்சிடும்.

ஐஜிஜி பழைய ஞாபகம், ஐஜிஎம் புதுச் சண்டை. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ்னா எப்பவோ வந்துட்டுப் போயிருக்கு இல்லன்னா ஊசி. ரெண்டும் நெகட்டிவ்னா இது வரைக்கும் வரல, இனி வரலாம். ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ்னா இப்பத்தான் ஆரம்பம், இல்லன்னா பொய், 2 - 3 வாரம் கழிச்சு திரும்ப எடுக்கும்போது ஐஜிஜி ஏறலன்னா பொய்தான். ஐஜிஎம் ரொம்பப் பொய் சொல்லும், இன்னொரு வைரஸ் வந்திருந்தாலும், முடக்குவாதக் காரணி ரத்தத்துல இருந்தாலும் அது தப்பா எழுந்துக்கும், நிஜமாவே வந்து போன பிறகும் மாசக்கணக்குல நிக்கும். ஒரு ஐஜிஎம்மை வச்சு யாராவது கருக்கலைப்புன்னு ஆரம்பிச்சா எழுந்து வேற டாக்டர் கிட்ட போங்க. ரெண்டும் பாசிட்டிவா வந்தா ஐஜிஜி அவிடிட்டின்னு ஒரு டெஸ்ட் கேளுங்க. புதுசா உண்டான எதிர்ப்புப் பொருள் வைரசை லூசாத்தான் பிடிக்கும், நாளாக நாளாகப் பிடி இறுகும். பிடி இறுகியிருந்தா தொற்று 3 மாசத்துக்கு முந்தினது, நீங்க 8 வாரம்னா கர்ப்பத்துக்கு முன்னாடியே வந்து போனது.

டார்ச் பேனல்னு இந்தத் தொற்று டெஸ்ட்டெல்லாம் ஒரே கட்டா மொத்தமா எல்லாருக்கும் எழுதறது எனக்கு உடன்பாடு இல்ல, லேப்ல வேலை பாத்துக்கிட்டே சொல்றேன். தொடர்ந்து கரு கலையற காரணத்தைக் கண்டுபிடிக்கவும் அது உதவாது. சந்தேகம் எதுவோ அதை மட்டும் எடுத்தா போதும்.

அந்தக் கருப்பு வரி

இப்ப சித்தி பொண்ணு ரிப்போர்ட்டுக்கு வர்றேன். சி.எம்.வி, அதாவது சைட்டோமெகலோ வைரஸ், ஐஜிஜி நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ வீட்டுல 2 வயசு பையன், டேகேர் போறான், பையன் தட்டுல மிச்சம் வச்சதை அவதான் சாப்பிடுவா, அவன் வாயில வச்ச ஸ்பூனை அப்படியே எடுத்து தன் வாயில வைப்பா, எனக்கு நல்லாத் தெரியும்.

சைட்டோமெகலோ வைரஸ், பேரே யாரும் கேள்விப்படல, ஆனா பிறவியிலேயே வர்ற தொற்றுல உலகத்துலயே இதுதான் அதிகம். அமெரிக்கக் கணக்குல 200 குழந்தைக்கு 1 இதோட பொறக்குது, அதுல 5-ல 1-க்கு நீண்ட நாள் பாதிப்பு, முக்கியமா காது. பரம்பரை இல்லாம பிறவிக் காதுகேளாமைக்கு முதல் காரணம் இது. சின்னப் பிள்ளைங்க எச்சில்லயும் மூத்திரத்துலயும் மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா வந்துக்கிட்டே இருக்கும், பிள்ளை ஜாலியா ஓடி ஆடிட்டு இருப்பான், அவனுக்கு ஒண்ணும் இருக்காது. கர்ப்பத்துல முதல் தடவையா அம்மாவுக்கு வந்தா 100-ல 30 - 40 பேருக்கு குழந்தைக்குப் போகுது. இதுல ஒரு விசித்திரம், கடைசி மாசங்கள்ல வந்தா குழந்தைக்குப் போற வாய்ப்பு அதிகம் ஆனா கெடுதல் கம்மி, முதல் மூணு மாசத்துல போற வாய்ப்பு கம்மி ஆனா போச்சுன்னா அடி பலம். மூளையில நீர் அறையை ஒட்டி இருக்கற விதை செல்லுங்களைத் தாக்கறதால ஸ்கேன்ல அந்த ஓரமா சுண்ணாம்புப் புள்ளி தெரியும்.

இதுக்கும் ஊசி இல்ல. ஐஜிஜி பாசிட்டிவா இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது, பழைய வைரஸ் மறுபடி எழுந்திருக்கலாம், வேற வகை வரலாம், வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு மட்டும் சொல்லலாம். அதனால எல்லாக் கர்ப்பிணிக்கும் ஒரே வழக்கம்தான், அன்னைக்கு ராத்திரியே அவளுக்குச் சொன்னது: பையன் வாயில வச்ச ஸ்பூன், டம்ளர், பிரஷ் எதுவும் உன் வாய்க்கு வரக்கூடாது. மிச்சம் சாப்பிடற வேலையை அவங்க அப்பா பாத்துக்கட்டும். டயப்பர் மாத்தினா, மூக்கு துடைச்சா, எச்சில் பொம்மையை எடுத்தா சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவு. முத்தம் உதட்டுல வேண்டாம், நெத்தியில குடு, தலையை முகர்ந்துக்கோ. "என்னக்கா, என் புள்ளையையே ஒதுக்கச் சொல்றியா"ன்னா. ஒதுக்க வேண்டாம்டி, ஸ்பூனை மட்டும் ஒதுக்குன்னேன்.

முதல் மூணு மாசத்துல வந்துட்டதா அவிடிட்டியில உறுதியானா வேலசைக்ளோவிர் மாத்திரை அதிக டோஸ்ல குடுத்தா குழந்தைக்குப் போறது குறையுதுன்னு 2020-ல வந்த இஸ்ரேல் ஆய்வு காட்டுச்சு, சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான். இதைப் பத்தி கேக்க வயித்துல இருக்கற குழந்தையைப் பாக்கற ஃபீட்டல் மெடிசின் ஸ்பெஷலிஸ்ட் கிட்டதான் போகணும். குழந்தைக்குப் போயிருக்கான்னு பாக்க பனிக்குட நீரை எடுப்பாங்க, அதுக்கு அவசரப்பட்டு பிரயோஜனம் இல்ல. வைரஸ் குழந்தையோட சிறுநீர் வழியாத்தான் அந்த நீருக்கு வரணும், அதனால தொற்று வந்து ஒரு 8 வாரமாவது ஆகி, கர்ப்பம் 20 வாரம் தாண்டின பிறகு எடுத்தாத்தான் நெகட்டிவ்ங்கறதை நம்பலாம்.

அவளுக்கு 16 வாரத்துல சி.எம்.வி மறுபடி எடுத்தோம், நெகட்டிவ். 24-ல எடுத்தப்பவும் நெகட்டிவ், சலிச்சுக்கிட்டேதான் கை நீட்டினா. பிரசவம் ஆனதும் குழந்தையோட சிறுநீரை 21 நாளுக்குள்ள எடுத்து சி.எம்.வி பிசிஆர் (வைரசையே நேரா தேடற டெஸ்ட்) போடச் சொல்லியிருக்கேன், 21 நாள் தாண்டிட்டா வயித்துல இருந்தப்ப வந்ததா, பொறந்த பிறகு தாய்ப்பால்லேருந்தோ வேற எங்கிருந்தோ வந்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியாம போயிடும். பாசிட்டிவா வந்து அறிகுறியும் இருக்கற குழந்தைக்கு முதல் மாசத்துக்குள்ளயே வேல்கேன்சைக்ளோவிர் ஆரம்பிச்சு 6 மாசம் குடுப்பாங்க, காதுக்கு அது உதவுது. பொறந்த அன்னைக்கு காது டெஸ்ட் பாஸ் ஆனாலும் சி.எம்.வி குழந்தைக்கு காது பின்னாடி கூட மங்கும், அதனால பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் திரும்பத் திரும்ப பாக்கணும்.

பிரசவத் தேதி அடுத்த மாசம். சாம்பிள் பாட்டிலை நானே லேபிள் ஒட்டி அவ ஆஸ்பத்திரிப் பையில வச்சுட்டேன், தேதி எழுதற இடத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன்.